ஓடுது, சரி. ஆனா சரியா ஓடுதா? டாக்குமெண்டேஷன் உதாரணங்களின் கதை

இந்த எபிசோட் ஒரு சின்னப் பெட்டியோட வரலாறு. டாக்குமெண்டேஷன் பக்கத்துல, சாம்பல் நிறத்துல, ஓரத்துல ஒரு காப்பி பட்டனோட இருக்குமே, அந்தப் பெட்டி.

ஒரு பக்கத்தைத் திறந்தா நாம முதல்ல என்ன பண்றோம்? மேல இருக்கிற நாலு பாராவைப் படிக்கிறோமா? இல்லை. நேரா பெட்டிக்குப் போறோம். காப்பி, பேஸ்ட், என்டர். விளக்கத்துல தப்பு இருந்தா நம்ம மண்டைதான் குழம்பும். உதாரணத்துல தப்பு இருந்தா அது நேரா சர்வர்ல போய் உட்கார்ந்துடும். அப்போ அந்த உதாரணம் சரின்னு யார் பார்த்தது?

இந்தக் கேள்விக்கு 1978-லேயே ஒரு நல்ல பதில் இருந்தது. அமெரிக்காவின் பெல் லேப்ஸ்ல இருந்த பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிச்சியும் அந்த வருஷம் சி மொழிக்கு ஒரு புத்தகம் கொண்டுவந்தாங்க. காலேஜ்ல நாம 'கே அண்ட் ஆர்'னு சொல்ற அதே புத்தகம். எல்லா உதாரணங்களையும் புத்தகத்தின் மூலப் பிரதியிலிருந்தே எடுத்து ஓட்டிப் பார்த்துட்டோம்னு அதன் முன்னுரையில சொல்லியிருப்பாங்க.

அந்தக் காலத்துல இது சாதாரண விஷயம் இல்லை. எழுதினவர் தாள்ல கொடுப்பார், அச்சகத்துல இன்னொருத்தர் மறுபடி எழுத்துக் கோப்பார். கை மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு செமிகோலன் காணாமப் போகலாம். இவங்களோட பிரதி கம்ப்யூட்டர்லேயே இருந்தது. அதனால ஓட்டிப் பார்த்த நிரலும் அச்சான நிரலும் ஒண்ணுதான்.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. அந்தப் புத்தகத்தோட முதல் உதாரணம் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச 'ஹலோ வேர்ல்ட்'. முதல் பதிப்புல அதுக்கு மேல இன்க்ளூட் வரியே கிடையாது. 1988-ல வந்த இரண்டாம் பதிப்புலதான் அதைச் சேர்த்தாங்க. 1999 சி தரநிலை வந்தப்போ, ஃபங்ஷனுக்கு டைப் போடாம எழுதுற பழைய வழக்கத்தையே எடுத்துட்டாங்க. 1978-ல சரியா இருந்த உதாரணம், ஒரு எழுத்துகூட மாறாம, தப்பாயிடுச்சு. உதாரணம் அப்படியேதான் இருந்தது, அதைச் சுத்தி உலகம் நகர்ந்துடுச்சு. ஒரு தடவை சோதிச்சாப் போதாதுன்னு இதுல தெரியுது.

இதுக்கு விடை 2001 ஏப்ரல்ல, பைதான் 2.1-ஓட வந்தது. டிம் பீட்டர்ஸ் எழுதின 'டாக்டெஸ்ட்' மாட்யூல். யோசனை ரொம்ப எளிமை. பைதான் ப்ராம்ப்ட்ல நீங்க ஒண்ணு டைப் பண்றீங்க, ஒரு விடை வருது. அந்த ரெண்டையும் அப்படியே டாக்ஸ்ட்ரிங்ல ஒட்டிடுங்க. டாக்டெஸ்ட் அந்த ப்ராம்ப்ட் குறியைத் தேடிப் பிடிச்சு, கட்டளையை மறுபடி ஓட்டி, வர்ற விடையும் எழுதியிருக்கிற விடையும் ஒண்ணான்னு பார்க்கும். அப்புறம் 2012-ல வந்த கோ 1, 2015-ல வந்த ரஸ்ட் 1.0 ரெண்டுலயும் இது கூடவே வந்துடுச்சு. டெஸ்ட் ஓட்டினா உதாரணங்களும் சேர்ந்து ஓடும்.

கதை இங்கேயே சுபமா முடிஞ்சிருக்கணும். முடியலை. ஏன்னா இதெல்லாம் கோடுக்கு. கான்ஃபிக் ஃபைலை யார் பார்க்கிறது? கான்ஃபிக்னா தனியா ஓடாது. அதுக்கு ஒரு சர்வர் வேணும், பக்கத்துல இன்னொரு மென்பொருள் வேணும், ரெண்டும் சரியான வெர்ஷன்ல இருக்கணும்.

என்ஜின்எக்ஸ் கதையைப் பார்ப்போம். இகோர் சிசோயெவ் உருவாக்கி 2004-ல வெளியிட்ட வெப் சர்வர். இதோட பிஹெச்பியை இணைக்க ஒரு கான்ஃபிக் உதாரணம் வழிகாட்டிக்கு வழிகாட்டி பரவியிருந்தது. அதன் சாரம்: முகவரி 'டாட் பிஹெச்பி'ன்னு முடிஞ்சா பிஹெச்பிகிட்ட அனுப்பு. படிச்சா நியாயமாத்தானே இருக்கு?

இப்போ படம் ஏத்துற வசதி உள்ள ஒரு தளத்துல, ஒருத்தர் படத்துக்குள்ள பிஹெச்பி கோடை ஒளிச்சு வெச்சு ஏத்துறார்னு வைங்க. அப்புறம் அந்தப் படத்தோட முகவரிக்குப் பின்னாடி ஒரு சாய்கோடு போட்டு, இல்லாத ஒரு பிஹெச்பி ஃபைல் பேரைச் சேர்க்கிறார். முடிவு 'டாட் பிஹெச்பி'. என்ஜின்எக்ஸ் அனுப்பிடும். பிஹெச்பி தேடும், அப்படி ஒரு ஃபைல் இல்லை. உடனே ஒரு படி பின்னாடி போய்ப் பார்க்கும், அங்கே படம் இருக்கு. அதன் இயல்பான செட்டிங் அப்படித்தான். சரி, இதைத்தான் கேட்கிறாங்க போலன்னு அந்தப் படத்தையே நிரலா ஓட்டிடும். கதவைத் திறந்து சாவியையும் கையில கொடுத்த மாதிரி.

2010-ல இது பெரிசாப் பேசப்பட்டது. என்ஜின்எக்ஸ் விக்கியிலேயே இந்த மாதிரி உதாரணங்களை நம்பாதீங்கன்னு எச்சரிக்கை போட்டாங்க. 2012 ஜனவரியில வந்த பிஹெச்பி 5.3.9-ல, குறிப்பிட்ட எக்ஸ்டென்ஷன் உள்ள ஃபைலை மட்டும் ஓட்டுற கட்டுப்பாடு சேர்ந்தது.

இதுல என்னை உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. என்ஜின்எக்ஸ்ல கான்ஃபிக்கைச் சரிபார்க்க ஒரு கட்டளை உண்டு. அந்த உதாரணத்தை அதுல கொடுத்தா பாஸ் ஆகிடும். பிரவுசர்ல திறந்தா தளமும் அழகா வரும். டாக்டெஸ்ட் மாதிரி ஒண்ணு இருந்திருந்தாலும் பச்சை விளக்குதான் எரிஞ்சிருக்கும். ஓடுதான்னு எல்லாரும் பார்த்தாங்க. ஓடக்கூடாதது ஓடுதான்னு அந்த வழிகாட்டிகள் பார்க்கலை.

இதுக்கு நேர் எதிர், 2019 செப்டம்பர்ல வந்த குபர்நெட்டீஸ் 1.16. டிப்ளாய்மெண்டுக்கான பழைய ஏபிஐ வெர்ஷன்களை அதுல நிறுத்திட்டாங்க. பழைய டுடோரியல்கள்ல இருந்த யாம்ல் உதாரணங்கள் புது கிளஸ்டர்ல அப்படியே நின்னுபோச்சு. எரிச்சல்தான். ஆனா சிவப்பு எழுத்துல முகத்துக்கு நேரா சொல்லிடுச்சு. சத்தம் போட்டு உடையுறது பரவாயில்லை மக்களே, சத்தமே இல்லாம ஓடுறதுதான் ஆபத்து.

குபர்நெட்டீஸ் டாக்குமெண்டேஷன்ல ஒரு நல்ல பழக்கம் இருக்கு. யாம்ல் உதாரணங்கள் பலதும் பக்கத்துக்குள்ள டைப் பண்ணினவை இல்லை. தனி ஃபைலா இருக்கு, பக்கம் அதை இழுத்துக் காட்டுது. அந்த ஃபைல்களைச் சரிபார்க்க டெஸ்ட் இருக்கு. யோசிச்சா, கெர்னிகனும் ரிச்சியும் செஞ்சதும் இதேதான்: சோதிக்கிறதும் காட்டுறதும் ஒரே பிரதி.

நான் இதுக்கு மேல ஒண்ணே ஒண்ணு கேட்பேன். உங்க டீம்ல கான்ஃபிக் உதாரணம் எழுதினா, நிஜ சர்வரைக் கிளப்பி, வரவேண்டிய ஒரு ரிக்வெஸ்டையும் மறுக்கவேண்டிய ஒரு ரிக்வெஸ்டையும் அனுப்பிப் பாருங்க. அரை நாள் வேலை. சீனியர்களுக்கு அந்த உதாரணம் தேவைப்படாது, அவங்களுக்கு மனப்பாடம். அதை நம்பி காப்பி பண்றது, முதல் வேலையில, கேட்க ஆள் இல்லாம, ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்திருக்கிற ஒருத்தர். தப்பு யாரோடதா இருந்தாலும் காலையில கேள்வி அவர்கிட்டதான் வரும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.