குச்சிக்கிழங்கு போன இரண்டு வழி

கானாவில் அதைச் 'சாப் பார்' என்பார்கள், நைஜீரியாவில் 'புக்கா'. தெருமுனையில் நாலு பெஞ்சு போட்ட சாப்பாட்டுக் கடைதான். கை கழுவக் கிண்ணத்தில் தண்ணீர் வரும். பின்னாலேயே வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ ஒரு பெரிய உருண்டையும், சுடச்சுடக் குழம்பும் வரும். குழம்பு எகுசி விதையை அரைத்துக் காய்ச்சியதாக இருக்கலாம். வெண்டைக்காய் போட்ட வழவழப்பான சாறாகவும் இருக்கலாம். செம்பனை எண்ணெய் மேலே மிதக்கும், கருவாட்டுத் துண்டு உள்ளே கிடக்கும். உருண்டையை வலது கையால் கிள்ளி, உருட்டி, குழித்து, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். கேழ்வரகுக் களியில் வளர்ந்த சேலத்துக்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உருண்டை எதில் செய்தது என்று தெரிந்தால்தான் அவருக்கு வியப்பு வரும். ராசிபுரத்துக்கும் ஆத்தூருக்கும் நடுவே டிராக்டர் டிராக்டராக ஆலைக்குப் போகிறதே, அதே குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி.

கிழங்கின் தாய்வீடு அமேசான் காட்டின் தென்மேற்குப் பக்கம். பிரேசில் பழங்குடிகள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பயிராக்கினார்கள். கிழங்கில் சயனைடு உண்டு. தழையை மேய்ந்த ஆடு சாய்ந்துவிடும் என்பது நம் பண்ணையக்காரர்களுக்கும் தெரிந்ததுதான். பழங்குடிகள் கிழங்கைத் துருவி, பின்னிய நீளப் பையில் திணித்துப் பிழிந்து, விஷச் சாற்றை வடித்தார்கள். மிஞ்சிய சக்கையை வறுத்து மாவாக்கினார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்கள் கிழங்கை ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுபோனார்கள். அதே கரையிலிருந்து அடிமைகளை ஏற்றிவந்த கப்பல்களில் கிழங்கு மாவும் தீனியாக இருந்தது.

செடி போய்ச் சேர்ந்துவிட்டது. வித்தை பரவக் காலம் பிடித்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்கள் லாகோஸ், போர்ட்டோ நோவோ, உய்தா ஆகிய ஊர்களுக்குத் திரும்பியபோது, துருவிப் பிழிந்து வறுக்கும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். அதுதான் 'காரி'. கிழங்கைத் துருவிச் சாக்கில் கட்டி, மேலே பாரம் ஏற்றிச் சில நாள் புளிக்க விடுவார்கள். சாறு வடிந்ததும் சலித்து, அகலச் சட்டியில் பொரபொரவென்று வறுப்பார்கள். பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கும் தொழில். கொதிநீரில் கொட்டிக் கிண்டினால் 'எபா' உருண்டை. விடுதி மாணவர்களுக்கு அந்த வேலையும் இல்லை: பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, சர்க்கரையும் நிலக்கடலையும் போட்டுக் குடித்துவிடுவார்கள். இன்று உலகிலேயே அதிகம் கிழங்கு விளைவிக்கும் நாடு நைஜீரியா. விளைச்சலில் பெரும்பங்கு அந்த நாட்டார் வயிற்றுக்கே போகிறது.

கிழக்கே வந்த கிழங்குக்கு வேறு விதி. போர்ச்சுக்கீசியர் வழியாக மலையாளக் கரையில் இறங்கிய அதை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கிவிட்டார். 1942இல் பர்மா ஜப்பான் வசமாகி அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, மலையாளிகளின் பசியைப் பெரிதும் தாங்கியது, அவர்கள் கப்பை என்று சொல்லும் இந்தக் கிழங்குதான்.

அதே போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவதும் நின்றது. வியாபாரமாகக் கேரளம் போய்வந்த சேலத்து மீன் வியாபாரி மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷாவைச் சந்தித்தார். ஷாவுக்குக் கிழங்கு மாவுத் தொழில் தெரியும். 1943இல் சேலத்தில் கையால் அரைத்து, கையால் குலுக்கி, ஜவ்வரிசி பிறந்தது. பிறகு வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக்கின் கைவண்ணத்தில் இயந்திரங்கள் தேறின.

ஜவ்வரிசி பிறந்த அடுத்த வருஷமே ஒரு திருப்பம் வந்தது. பஞ்சகாலம், கிழங்கு உள்ளூர் மக்களுக்கு உணவாக வேண்டும் என்று, ஜில்லாவை விட்டு ஜவ்வரிசி வெளியே போகக் கூடாதெனச் சேலம் கலெக்டர் தடை போட்டார். நாமக்கல்லும் அப்போது சேலம் ஜில்லாதான். உற்பத்தியாளர்கள் சங்கம் சேர்ந்து, சிவில் சப்ளைஸ் கமிஷனரிடம் முறையிட்டுத் தடையை நீக்க வைத்தார்கள். கிழங்கு இங்கே சோறாவதா, சரக்காவதா என்ற கேள்வி அன்றோடு தீர்ந்துவிட்டது.

ஆலையில் நடப்பதைப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தோல் உரித்த கிழங்கை அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, படிந்த மாவைக் குருணையாக்கி, சூடேற்றி, களத்தில் காயவைக்கிறார்கள். சக்கை 'திப்பி' என்ற பெயரில் மாட்டுத் தீவனமாகப் போகிறது. அங்கே சாற்றை ஓடவிட்டுச் சக்கையைச் சாப்பிடுகிறார்கள். இங்கே சக்கையை மாட்டுக்குப் போட்டுப் பாலை விற்கிறோம். அந்த ஜவ்வரிசியும் பெரும்பாலும் மராட்டிய மாநிலம் போன்ற வடக்குச் சீமைகளில் விரதநாள் கிச்சடியாகத்தான் இலைக்கு வருகிறது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விளைகிற ஊரிலோ பாயசத்துக்கும் வடகத்துக்கும் மேல் அதற்குப் பெரிய இடமில்லை.

இப்படி இரண்டு வழியாகப் பிரிந்த கிழங்கை மறுபடி சேர்த்துவைத்தது ஒரு பூச்சி. தென்னமெரிக்க மாவுப்பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, நாடு நாடாகக் கிழங்குக் காட்டை அழித்தது. அதன் எதிரியான ஒரு சின்னஞ்சிறு குளவி 1981இல் பராகுவேயில் அகப்பட்டது. பூச்சிக்குள்ளேயே முட்டையிடும், புழு பொரித்து உள்ளிருந்தே பூச்சியைத் தின்றுவிடும். பெயர் அனகைரஸ் லோபெசி. நைஜீரியாவின் இபாடானில் உள்ள வெப்பமண்டல வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பெருக்கி ஆப்பிரிக்கா நெடுகப் பரப்பியது. அந்த வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

2020இல் அதே மாவுப்பூச்சி திருச்சூரில் தென்பட்டு, சீக்கிரமே சேலம், நாமக்கல் காடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம், இபாடான் ஆராய்ச்சி நிறுவனத்தின் பெனின் நாட்டுக் கிளையிலிருந்து குளவியை வரவழைத்தது. பரிசோதனைகள் முடிந்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது முதன்முதலாக வெளியே விடப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சேலத்துக் கிழங்குக் காட்டுக்கு வந்த உதவி இது.

அங்கிருந்து வாங்கவேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. கிழங்கைப் பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுக்கத் தொடங்கும். அதனால் ஆலை வாசலில் மாவுச்சத்துக்குப் பாயிண்ட் கணக்கில் என்ன விலை சொல்கிறார்களோ, அதற்கு வண்டியை இறக்க வேண்டியதுதான். ஜவ்வரிசி மூட்டையைக் கிட்டங்கியில் அடுக்கி, அதன் பேரில் முன்பணம் வாங்கி, விலை ஏறும்வரை ஆலைக்காரர் பொறுக்கலாம். கிழங்குக்காரரால் முடியாது. மேற்கு ஆப்பிரிக்கக் குடியானவப் பெண்கள் இந்த முடிச்சை வீட்டு வாசலிலேயே அவிழ்த்திருக்கிறார்கள். நன்றாக வறுத்த காரி பல மாதம் கெடாது. விலை வரும்போது சந்தைக்கு எடுத்துப்போகலாம்.

நம் ஊரில் யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். ஒரே நாளில் நாமக்கல் களியை விட்டுவிட்டு எபாவுக்கு மாறப்போவதில்லை. ஆனால் பனியன் சரக்கு எடுக்க நைஜீரிய வியாபாரிகள் வந்துபோகும் திருப்பூர் காதர்பேட்டை, ராசிபுரத்திலிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. துருவி, பாரக்கல், சட்டி: தேவை இவ்வளவுதான். ஏத்தாப்பூரில் குளவி வந்திறங்கிய இடத்தில் ஒரு சட்டியையும் அடுப்பில் ஏற்றிப் பார்க்கலாம்.