மேசைக்குத் திரும்பிய பெற்றோர்

எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் சாப்பாட்டை மறுத்து, உடல் உருகி எலும்பும் தோலுமாகும் நோய்க்கு 'அனொரெக்ஸியா நெர்வோசா' என்று பெயர். 1689இல் ரிச்சர்ட் மார்ட்டன் என்ற லண்டன் மருத்துவர், இப்படி மெலிந்து இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றித் தம் நூலில் எழுதினார். 1873இல் பாரிசில் லசேக், லண்டனில் வில்லியம் கல் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே இந்நோயை விவரித்தனர். இன்று வழங்கும் பெயர் வில்லியம் கல் சூட்டியது. 'பசியின்மை' என்ற அதன் பொருள் சரியல்ல. பசி இருக்கிறது, அச்சம் அதை அமுக்கிவிடுகிறது.

வில்லியம் கல்லிடம் 1866இல் வந்த 17 வயதுப் பெண்ணின் எடை 82 பவுண்டு, சுமார் 37 கிலோதான். இரண்டு ஆண்டுகளில் அது 128 பவுண்டாயிற்று. நேரம் தவறாமல் உணவூட்டச் சொன்ன அவர், இந்த நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளச் சொந்தபந்தங்கள் ஏற்றவர்கள் அல்லர் என்றும் எழுதினார். பாரிஸ் மருத்துவர் ஷார்க்கோ இன்னும் கடுமையானவர்: பெற்றோரை ஊருக்கு அனுப்பிவிட்டே சிகிச்சையைத் தொடங்கினார். 1914க்குப் பிறகு சில காலம் பிட்யூட்டரி சுரப்பியின் மீது பழி விழுந்தது. அது தவறு எனத் தெளிந்த பின்னும் பெற்றோர் மீதான சந்தேகம் விலகவில்லை. பிள்ளை சாப்பிடாமல் தவிப்பதைப் பார்த்துக் கலங்கி நின்றவர்களையே குற்றவாளிகளாக்கியது மருத்துவத்தின் பெரும் பிழை.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பச் சிகிச்சை இதைத் திருப்பிப் போட்டது. நோய்க்குப் பெற்றோர் காரணமல்லர், குணமாக்கும் வலு அவர்களிடமே உண்டு என்பது அதன் அடிப்படை. தொடக்கத்திலேயே ஒருநாள், வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள். சிகிச்சையாளர் உடனிருக்க, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். போதும் என்று தட்டைத் தள்ளும் பிள்ளையை, அதட்டாமல், விட்டுக்கொடுக்காமல், இன்னும் ஒரு வாய் சாப்பிட வைப்பதே அன்று பெற்றோரின் வேலை. அந்த ஒரு வாய்க்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். எடை தேறும்வரை வேளாவேளைச் சாப்பாட்டைப் பெற்றோரே முடிவு செய்வார்கள். பிறகு அந்தப் பொறுப்பு சிறிது சிறிதாகப் பிள்ளையின் கைக்குத் திரும்பும்.

80 நோயாளிகளைக் கொண்ட மாட்ஸ்லி ஆய்வு 1987இல் வெளியானது. 19 வயதுக்குள் நோய் கண்டு, மூன்று ஆண்டுகளுக்கு உள்ளாகவே சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு, தனிநபர் சிகிச்சையைவிடக் குடும்பச் சிகிச்சை நன்கு கைகொடுத்தது. வயதில் மூத்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. பிரிட்டனின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல், சிறார்க்கும் இளையோர்க்கும் முதலில் பரிந்துரைப்பது குடும்பச் சிகிச்சையையே.