பட்டாவும் லயமும்: பேராத் தமிழரும் வாடகைச் சொத்தும்

முன்னுரை

ஈப்போ வட்டாரத் தமிழருள் ஆசிரியர், எழுத்தர், சிறுவணிகர் எனப் பல நிலைகளில் உள்ளோர், தாம் குடியிருக்கும் வீட்டிற்கு அப்பால் இன்னொரு வீட்டை வாங்கி வாடகைக்கு விடுவது பற்றி இன்று பேசக் கேட்கிறோம். இவர்களுள் இரப்பர்த் தோட்ட லயங்களில் பிறந்தோரின் பிள்ளைகளும் உளர். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் உழைத்த சமூகத்திற்கு இத்தொடக்கம் ஏன் இவ்வளவு காலந்தாழ்ந்து வாய்த்தது? பணக்குறைவு மட்டும் இதற்குக் காரணம் அன்று; பதிவு பெற்ற நில உரிமை இன்மையே அடிப்படைக் காரணம் என்பது நம் கருத்து. அதனை இக்கட்டுரையில் நிறுவ முயல்கிறோம்.

ஈடாக வந்த சொத்து

பேராவில் நிலச்சொத்துடைய தமிழர் என்றதும் முதலில் நினைவுக்கு வருவோர் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களே. எனினும், வாடகை வருவாயை நாடி அவர்கள் இங்கு வரவில்லை. கடன் கொடுத்து வட்டி பெறுவதே அவர்தம் தொழில். ஊரிலிருந்த முதலாளியின் சார்பில் ஏறத்தாழ மூன்றாண்டுத் தவணையில் வந்த மேலாள், கிட்டங்கியில் ஒரு பெட்டகத்துடன் அமர்ந்து கணக்கை நடத்தினார். அத்தகைய தொழிலுக்கு, வேண்டும்போது திரும்பப் பெறக்கூடிய பணமே ஏற்றது. எளிதில் விற்கவியலாத நிலம் சுமையாகும்.

ஆயினும் நிலம் அவர்கள் கைக்கு வந்தது. பிரித்தானியர் புகுத்திய நிலப்பதிவு முறையில், பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளர். இதனால் பட்டா நம்பத்தகுந்த ஈடாயிற்று. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் இரப்பர் விலை சரிந்தபோது, கடனைத் திருப்ப இயலாதவர்களின் தோட்டங்களும் கடைவீடுகளும் செட்டியார் வசமாயின. மலாய்ச் சிறுதோட்டக்காரரின் நிலம் பறிபோவதைத் தடுக்க, 1931இல் சிறுநில விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டமும், 1933இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டமும் கூட்டு மலாய் மாநிலங்களில் இயற்றப்பட்டன. ஒருவரின் சொத்துத் தொடக்கம் மற்றொருவரின் இழப்பாகவும் இருந்தது என்பதை நாம் மறைத்தல் கூடாது.

சப்பானியர் ஆட்சியில் கடன்கள் மதிப்பற்ற ‘வாழைமர நோட்டு’களாகத் திரும்பின. அப்போது நிலைத்து நின்றவை நிலமும் கட்டடமுமே. சுமையெனக் கருதப்பட்ட சொத்தே காப்பாயிற்று.

கட்டியவர் கண்ட வாடகை

வாடகையையே நோக்கமாகக் கொண்ட முதலீட்டிற்கு ஈப்போவிலேயே வேறொரு சான்று உண்டு. ஈயச் சுரங்கத்தில் பொருளீட்டிய யாவ் டெட் சின், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிந்தா ஆற்றின் கீழ்க்கரையில் கடைவரிசைகளை எழுப்பி ஈப்போவின் புதிய நகருக்கு வித்திட்டார். கீழே கடை, மேலே குடியிருப்பு, முன்னே அஞ்சடி என அமைந்த கடைவீடு, ஒரே கட்டடத்திலிருந்து இருவகை வாடகையைத் தரவல்லது.

இவ்வருவாயும் நிலையானதன்று. 1948 ஜனவரி 31ஆம் நாளுக்குள் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வரம்பு விதித்தது. குடியிருந்தோர் பாதுகாப்புப் பெற்றனர். வாடகை உயராததால் பழுதுபார்க்கும் ஊக்கம் உரிமையாளர்க்குக் குறைந்தது. 1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டு, இடைக்காலப் பாதுகாப்பு 1999 இறுதியில் முடிவுற்றது. அதன்பின் நெடுநாள் குடியிருந்தோர் பலர் இடம்பெயர நேர்ந்தது.

வாடகையில்லா வீடு, உரிமையில்லா வாழ்வு

தோட்டத் தொழிலாளியின் நிலையோ முற்றிலும் வேறானது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு உறைவிடம் வழங்கும் கடமையை முதலாளிமேல் சுமத்தியது. லயத்திற்கு வாடகை இல்லை. ஆகவே அது சலுகையாகத் தோன்றிற்று. ஆனால் வீடு வேலையோடு பிணைந்திருந்தது. வேலை போனால் வீடும் போயிற்று. வாசலில் முருங்கையும் வாழையும் வைத்து, கோயிலும் பள்ளியும் எழுப்பி மூன்று தலைமுறை வாழ்ந்தாலும், அடகு வைக்கவோ பிள்ளைக்கு எழுதி வைக்கவோ ஒரு தாளும் அவரிடம் இல்லை.

இதன் கொடுமை 1950களில் வெளிப்பட்டது. பெருந்தோட்டங்கள் விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டன. உங்கு அப்துல் அசீஸ் 1951 முதல் 1960 வரையிலான தோட்டத் துண்டாடலை விரிவாக ஆராய்ந்துள்ளார். தோட்டம் கைமாறியபோது தொழிலாளர் வேலையையும் கூரையையும் ஒருங்கே இழந்தனர்.

பத்து வெள்ளித் தொடக்கம்

இந்நிலையில் எழுந்ததே தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். பேராவின் சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தாமே தோட்ட உரிமையாளர் ஒருவரின் மகன். பட்டாவின் வலிமையை அவர் நன்கறிந்திருந்தார். 1960இல் தொடங்கப்பட்ட இச்சங்கத்திற்காக அவர் தோட்டந்தோறும் சென்று, பத்துப்பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்குதாரராகும்படி தொழிலாளரை வேண்டினார். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். தனியொருவரால் எட்டவியலாத பட்டா, பலரின் தவணையால் எட்டப்பட்டது.

எனினும் ஒரு வரையறையைச் சுட்ட வேண்டும். தொழிலாளி சங்கத்தின் பங்குதாரரானார். தாம் உறங்கிய வீட்டின் உரிமையாளர் ஆகவில்லை. தோட்டம் துண்டாடப்படாமல் காத்தது சங்கத்தின் அருஞ்செயல். வீட்டுரிமை அடுத்த தலைமுறையின் பணியாக எஞ்சியது.

முடிவுரை

இவ்வரலாறு, இன்று வாடகைச் சொத்தில் அடியெடுத்து வைப்போர்க்குச் சில தெளிவுகளைத் தருகிறது. முதலில் நோக்க வேண்டுவது விலையையன்று, பட்டாவையே. எவர் பெயரில் உள்ளது, எத்தகைய கட்டுப்பாடு உடையது, எவரிடம் ஈடாக உள்ளது என்பன நில அலுவலகப் பதிவேட்டில் அறியத்தக்கவை. அடுத்து, ஈடாகப் பெற்ற சொத்தாயினும் விரும்பி வாங்கிய சொத்தாயினும் வாடகை ஒரே சீராக வரும் எனக் கொள்ளலாகாது. மூன்றாவதாக, தேசிய நிலச் சட்டப்படி மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும். அதற்குட்பட்ட வாடகை ஒப்பந்தம் வாய்மொழியாகவும் அமையலாம். எனினும் எழுத்தில் அமைவதே இருவர்க்கும் நன்று. குடியிருப்பவரை நீதிமன்ற ஆணையின்றி வெளியேற்ற 1950ஆம் ஆண்டுத் தனிக்குறை தீர்வுச் சட்டம் இடந்தருவதில்லை.

இவ்விறுதிச் செய்தியை நாம் வெறும் சட்டக் குறிப்பாகக் கருதவில்லை. கையில் ஒரு தாளும் இன்றி லயத்தை விட்டு வெளியேறியோரின் வழித்தோன்றல்கள் இன்று வீட்டுக்காரர் ஆகின்றனர். தம் வீட்டில் குடியேறுவோர்க்கு எழுத்தில் ஓர் உறுதியை அளிப்பதே, அவ்வரலாற்றை அவர்கள் மறக்கவில்லை என்பதற்குச் சான்றாகும்.