சான்றிதழ் வந்த பிறகு முள்ளுத்தேங்காய் விவசாயிக்கு என்ன கிடைச்சது?

2021 ஏப்ரலில் எங்கட நாட்டில் முள்ளுத்தேங்காய்க்குத் தடை வந்தபோது நாங்கள் எல்லாரும் காடு, தண்ணி, கம்பனி பற்றித்தான் பேசினோம். இங்கே அது கம்பனித் தோட்டப் பயிர்தானே. இந்தோனேசியாவில் கதை வேற. அங்கே அந்தப் பயிர் நிற்கிற நிலத்தில் கிட்டத்தட்ட 40 வீதம் சிறு விவசாயிகளின் கையில் இருக்கு.

அவர்களில் கனபேரை அரசாங்கமே கொண்டுவந்து இருத்தியது. 1970களின் கடைசியில் உலக வங்கிக் கடனோடு தொடங்கின திட்டம் அது: நடுவில் கம்பனித் தோட்டமும் ஆலையும், சுற்றிவர விவசாயிகளின் துண்டுக் காணிகள். 1986இல் இதைக் குடியேற்றத் திட்டத்தோடு சேர்த்தார்கள். ஜாவாவில் இருந்து சுமாத்ராவுக்கும் கலிமந்தானுக்கும் போன குடும்பத்துக்கு வழமையாக 2 ஹெக்டேயர் முள்ளுத்தேங்காய். கடன் முடியும் வரை காணி உறுதி வங்கியில், தவணை பழம் வித்த காசில் கழியும். வெட்டின குலை ஒண்டு ரெண்டு நாளுக்குள் ஆலைக்குப் போகாட்டி எண்ணெயின் தரம் கெட்டுவிடும். அப்போ யாரோடு பேரம் பேசுறது? பிற்காலத்தில் கம்பனியோடு சேராமல் தாங்களே நட்டவர்களுக்கு ஆலைக்கும் தோட்டத்துக்கும் நடுவில் தரகர் வேற.

2004இல் ஆர்எஸ்பிஓ என்கிற வட்டமேசை உருவானது. தொடங்கியவர்கள் யூனிலிவர், சுவிஸ் கடைநிறுவனமான மிக்ரோஸ், மலேசியத் தோட்டக்காரர் சங்கம், டபிள்யூ டபிள்யூ எஃப் போன்றவர்கள். சிறு விவசாயி அந்தப் பட்டியலில் இல்லை. சான்றிதழ் பெற்ற எண்ணெய் 2008இல் சந்தைக்கு வந்தது. ஆனால் இந்தோனேசியாவில் தனித்து நின்ற சிறு விவசாயிகளின் முதல் குழு, ரியாவ் மாகாணத்து உக்குயியில், அதைப் பெற்றது 2013இல்தான். காணிப் பத்திரம், பதிவேடு, கணக்காய்வுச் செலவு எல்லாம் பெருந்தோட்டத்தை மனதில் வைத்த கணக்கு. சிறு விவசாயிக்கென்று தனி விதிமுறை வர 2019 ஆச்சு.

வருமானம் எப்படி? அவர்கள் விற்கிறது 'கிரெடிட்'. ஒரு தொன் எண்ணெய்க்கு ஒண்டு. 2 ஹெக்டேயரில் வருசத்துக்கு 30 தொன் குலை வெட்டினதாக வைப்போம். அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய், ஆக 6 கிரெடிட். 2019 விதிமுறையின்படி முதற்படியில் இருந்த குழு விளைச்சலின் 40 வீதத்துக்கு மட்டும்தான் விற்கக்கூடியதாக இருந்தது. வாங்குற கம்பனி கிடைக்கவேணும், காசும் முதலில் குழுவுக்குத்தான் போகும். எங்களுக்குப் படுகிறது, உண்மையான இலாபம் பக்கவாட்டில் வருகுது: பசளை போடுற பயிற்சி, குழுவாய்ச் சேர்ந்து தரகர் இல்லாமல் ஆலைக்கே விற்கிறது. ஆனால் 25 வருச மரத்தைத் தறித்துத் திரும்ப நட்டால் மூன்று வருசம் காய்ப்பு இல்லை. அந்தப் பள்ளத்தை ஆறு கிரெடிட் நிரப்பாது.

2022 ஏப்ரல் 28 அன்று இந்தோனேசிய அரசாங்கம் பாம் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியது. ஆலைகளின் தாங்கிகள் நிரம்பின, குலை விலை விழுந்தது. மே மாதம் விவசாயிகள் ஜகார்த்தாத் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டது விலை. மே 23 தடை நீங்கியது.