வானக்கலம் வரைந்த கைகள்

சிங்கப்பூரில் கேலாங் வட்டாரத்தைச் சுற்றி வருவோர் 'விமானம்' என்னும் சொல்லை அதன் இரு பொருளிலும் காணலாம். ஆர்ச்சர்டு சாலையிலிருந்து பெயர்ந்து, இடையில் வேறோரிடத்தில் தங்கி, 1993 முதல் கேலாங் கிழக்கில் விளங்கும் சிவன் கோயிலின் கருவறை மேல் எழுந்து நிற்பது ஒரு விமானம். 1937 முதல் 1955 வரை காலாங்கில் வானூர்திகள் வந்திறங்கியதை, 'பழைய விமான நிலையச் சாலை' என்ற பெயர் இன்றும் நினைவூட்டுகிறது.

இவ்வட்டாரத்து மாணவர் சிலர் வரைந்த விண்கலப் படங்களை அண்மையில் காண நேர்ந்தது. உயர்நிலை முதலாண்டு மாணவன் ஒருவன் முதலில் பென்சிலால் தாளில் வரைந்து, அதனைப் படம்பிடித்து ஐபேடில் ஏற்றி, சித்திரக்கதைப் பாணியில் கோடுகளைத் தடித்து வண்ணம் தீட்டியிருந்தான். அடுக்கடுக்காக மேல்நோக்கிக் குறுகும் கலம் அது. கீழே, 'ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் ஓட்டிய ருக்ம விமானம்' என்று எழுதியிருந்தான். கை நன்றாகவே தேர்ந்திருக்கிறது. ஆயின் எழுத்து என்னை நிறுத்திற்று.

அப்படத்தின் மூலத்தை ஆராய்வோம். 'வைமானிக சாஸ்திரம்' என்னும் வடமொழி நூலைப் பரத்துவாச முனிவர் அருளியதாகச் சுப்பராய சாஸ்திரி என்பவர் வாய்மொழியாகச் சொல்ல, மற்றொருவர் எழுதிக்கொண்டார். அதற்குரிய படங்களை 1923-ஆம் ஆண்டில் வரைந்தவர் எல்லப்பா. பெங்களூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் படவரைவாளராக இருந்தவர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து அறிஞர் ஐவர் 1974-இல் இந்நூலை ஆராய்ந்து, அது 1900-க்கும் 1922-க்கும் இடையில் தோன்றியது என்றும், அதன் மொழி வேதகால மொழி அன்று என்றும், அதிற் சொல்லப்படும் கலங்கள் பறக்கும் தகுதி உடையன அல்ல என்றும் முடிவு கூறினர். படங்களில் தற்கால எந்திர அறிவு வெளிப்படையாகத் தெரிகிறது என்றும், வரைந்தவர் கல்லூரியில் எந்திரங்களோடு பழகியவராதலின் அதில் வியப்பில்லை என்றும் அவர்கள் குறித்தனர். எல்லப்பா யாரையும் ஏமாற்றியதாக நான் கருதவில்லை. சொன்னதைக் கேட்டுத் தாம் அறிந்த உறுப்புகளைக் கொண்டு வரைந்தார். படவரைவாளர் வேறு என்ன செய்ய இயலும்? பிழை, அவர் பெயரையும் ஆண்டையும் மறைத்துவிட்டு முனிவர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டோரைச் சாரும். 2015-இல் மும்பையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டிலேயே இக்கருத்து மேடை ஏறியதென்றால், பள்ளிப் பிள்ளையைக் குறை கூறுவது எங்ஙனம்?

நம் மொழியிலும் வானூர்தி உண்டு. புறநானூற்றில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புகழ் பெற்றோர் எய்துவதாகக் கூறும் ஊர்திக்கு ஓட்டுபவனே இல்லை. சீவக சிந்தாமணியின் மயிற்பொறி அதனினும் விளக்கமானது. துணி, நூல், பிசின், அரக்கு, மெழுகு முதலியன கொண்டு தச்சன் அதனை ஏழு நாளில் செய்து முடிக்கிறான். சூல்கொண்ட விசயை பொறியை வலப்புறம் திரித்தால் அது மேகத்தைப் பிளந்து எழுகிறது; இடப்புறம் திரித்தால் இறங்கிக் கால்மடக்கி அமர்கிறது. இதைக் கொண்டு பத்தாம் நூற்றாண்டுத் தமிழர் பறந்தனர் என்று வாதிப்போர் உளர். திருத்தக்கதேவர் தம் காலத்துத் தொழிற்கூடத்தை நன்கு அறிந்திருந்தார் என்பதே இதனால் பெறப்படுவது. எனக்கு அதுவே பெருமிதம் தருகிறது.

வடிவம் சொல்லிலிருந்து பிறந்ததற்கும் சான்றுண்டு. 1947 ஜூன் 24-இல் அமெரிக்க விமானி கென்னத் ஆர்னால்டு, ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருள்கள் பறக்கக் கண்டதாகச் சொன்னார். நீர்மேல் வீசிய தட்டுத் துள்ளுவதுபோல் அவை சென்றன என்றார். அவர் உவமித்தது இயக்கத்தை. தம் கையால் வரைந்து காட்டிய உருவமோ முழுவட்டமும் அன்று. செய்தித்தாள்கள் 'பறக்கும் தட்டு' என்று எழுதின. அதன்பின் ஓவியர் பலரும் தட்டையே வரைந்தனர். உவமையில் பொதுத்தன்மை எது என்று பாராமல் உரை எழுதினால் வரும் கேட்டுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வகுப்பறைக்குக் கிடைக்காது.

1963-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிக்கத்தக்கது. வேற்றுலகத்தார் நம் பாடகியைக் கவர்ந்து செல்லும் 'கலை அரசி' அவ்வாண்டு தமிழ்த்திரைக்கு வந்தது; எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தனர். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து, கணினித் திரைமீது ஒளிப்பேனாவால் கோடு வரையும் 'ஸ்கெட்ச்பேட்' முறையை ஆய்வேடாக அளித்தார். மாணவன் ஐபேடில் இழுத்த கோட்டுக்கு அதுவே முன்னோடி.

கருவி மாறியும் கையின் பழக்கம் மாறவில்லை. 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்துக்கு 1975 முதல் படம் தீட்டிய ரால்ஃப் மெக்குவாரி, முன்னர் போயிங் நிறுவனத்தில் எந்திரப் பாகங்களை வரைந்தவர். அவருடைய கலங்கள் உண்மையானவைபோல் தோன்றுவது அதனால்தான். 1977-இல் வெளிவந்த அப்படத்தின் மணல்வண்டி வடிவை ஒட்டியே சிங்கப்பூரின் ஒன்-நார்த் வட்டாரத்தில் ஒரு கட்டடம் எழுந்து, 2014-இல் திறக்கப்பட்டது. லூக்காஸ்ஃபிலிம் நிறுவனத்தின் கிளை 2005 முதல் இந்நகரில் கணினியால் இத்தகைய கலங்களை உருவாக்கி வந்தது. அதனை மூடும் அறிவிப்பு 2023-இல் வந்தது.

அம்மாணவனிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. எல்லப்பாவின் பெயரையும் 1923 என்னும் ஆண்டையும், விசயையின் மயிலையும் மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் பென்சில் படம் ஒன்றோடு வந்தான். மயிலின் கழுத்தடியில் ஒரு திருகாணி. இறகுகளுக்கிடையே அரக்கு பூசிய நூல்.

"எந்தப் பக்கம் திருப்பினால் மேலே போகும், ஐயா?" என்று கேட்டான்.

வலப்பக்கம் என்றேன். அம்புக்குறி ஒன்று போட்டுக்கொண்டான்.