புக்கிட் மேரா புகட்டும் பாடம்

2011-ஆம் ஆண்டில் ஜப்பானிலே ஆழிப்பேரலை தாக்கிப் புகுஷிமா அணு உலைகள் சிதைந்ததையும், கதிரியக்க நஞ்சு கடலிற் கலந்ததையும் உலகம் அறியும். அந்நாட்டாருக்காக இரங்கும் நாம், நம் ஈப்போவின் அருகே நடந்ததை மறத்தல் தகுமோ?

பேராக்கின் ஈய லம்பங்களில் எஞ்சிய மணலிலே மோனசைட் என்னும் கனிப்பொருள் உண்டு. அதிலிருந்து அருமண் உலோகங்களைப் பிரித்தெடுக்க, ஜப்பானிய மிட்சுபிஷியின் பங்கோடு, புக்கிட் மேராவில் ஓர் ஆலை 1982-இல் வேலை தொடங்கிற்று. இலாபம் முதலாளிகளைச் சேர்ந்தது; தோரியம் கலந்த கழிவோ ஊராரைச் சேர்ந்தது. தோரியத்தின் வீரியம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டுகள் வேண்டும்!

அக்கழிவைச் சேமிக்கப் பாப்பானில் இடம் குறித்தபோது, 1984-இல் அவ்வூரார் திரண்டெழுந்து எதிர்த்தனர். 1985-இல் புக்கிட் மேராவாசிகள் எண்மர் வழக்குத் தொடுத்தனர். ஆலையை மூடுமாறு 1992 ஜூலை 11-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. ஆயினும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. கழிவு பின்னர் கிளேடாங் மலைப்பகுதியிலே புதைக்கப்பட்டது.

வழக்கில் தோற்றவர்கள் காரியத்தில் வென்றார்கள். அவர்கள் விஞ்ஞானத்தைப் பழித்தவர்களல்லர். அதன் பேரால் நடந்த வாணிபத்திற்குக் கணக்குக் கேட்டவர்கள்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தோழர்களே! நாளை நம்மூருக்கு ஓர் ஆலை வருமாயின், "கூலி எவ்வளவு?" என்று கேட்பதோடு நில்லாதீர், "கழிவு எங்கே போகும்?" என்றும் கேளுங்கள்.