நாற்றம்: மணம் கெட்ட கதை

மும்பையிலே பிறந்து வளர்ந்தவள் என் மகள். ஒரு மார்கழியில் அவளுக்கு நாச்சியார் திருமொழி வாசித்துக் காட்டினேன். மாதவனின் வாய் எப்படி நாறும் என்று ஆண்டாள் வெண்சங்கிடம் விசாரிக்கும் இடம் வந்தது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சாமியைப் போய் யாராவது இப்படிச் சொல்லுவாங்களாப்பா?" என்றாள். சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது: பழந்தமிழுக்கும் நம் பிள்ளைகளுக்கும் நடுவே இந்த ஒரு சொல்லே சுவராக நிற்கிறதே!

'நாறு' என்றால் முன்பு மணம் வீசு என்றே பொருள். வள்ளுவர் 27ஆம் குறளில் ஐம்புலன்களை அடுக்கும்போது மூக்கறியும் புலனுக்கு 'நாற்றம்' என்றே பெயர் தருகிறார். 1274இல் காதலியின் புன்முறுவலுக்குள் ஒளிந்த குறிப்புக்கு, மொட்டுக்குள் அடங்கிய நாற்றமே உவமை. 650இல், கற்றதை எடுத்துச் சொல்லத் தெரியாதவர் கொத்தாகப் பூத்தும் நாறாத மலர். இன்றைய பொருளில் படித்தால் திட்டு பாராட்டாகிவிடும்!

ஏன் இப்படி ஆயிற்று? நல்ல வாசத்தை மணம், வாசனை என்ற சொற்கள் எடுத்துக்கொண்டன. கெட்டது நாற்றத்தின் தலையில் விழுந்தது. 'துர்நாற்றம்' என்று இன்றும் சொல்கிறோமே, நாற்றம் தன்னளவில் கெட்டதல்ல என்பதற்கு அதுவே சாட்சி. இப்போதோ 'பேரே நாறிப்போச்சு' என்கிற அளவுக்கு வந்துவிட்டோம்.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த விபத்தல்ல. பாரசீகத்தில் 'பூ' என்றால் வெறும் வாசம். இந்தியில் குஷ்பூ நல்லது, பத்பூ கெட்டது. தனியே 'பூ' என்றாலும் கெட்டதுதான். நம் வாசனைக்கு உறவான மராத்தி 'வாஸ்' கதையும் கிட்டத்தட்ட இதேதான். அம்மா இந்த ஊருக்கு வந்த புதிதில், எங்கள் மாவு புளித்துப் பொங்கிய அன்று, பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்று, "வாஸ் யேதோ" என்றார். வாசனையைப் புகழ்கிறார் என்று நினைத்து அம்மா நாலு இட்லி கொடுத்தனுப்பினாள். அர்த்தம் தெரிந்தபின் அந்த வீட்டுக்கு வெகுநாள் எதுவும் போகவில்லை.

ஒரு சொல்லால் இரண்டு வீடுகள் பேச்சை நிறுத்தின. அதே மாதிரி ஒரு சொல்லால் ஒரு தலைமுறை ஆண்டாளை மூடிவைத்துவிடக் கூடாது. ஆகவே, பிள்ளைகள் மூக்கைப் பொத்தினால் கோபிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சொல் மணத்த காலத்தைச் சொல்லிக் கொடுங்கள்.